ஒரு தோட்டத்தில் எத்தனை கண்வலிச் செடி?

மூலனூர்ப் பக்கம் புரட்டாசி மாதம் காலை எட்டு மணிக்குச் செங்காந்தள் என்கிற கண்வலிச் செடித் தோட்டம் ஒன்றுக்குள் போய் நின்றால், பெண்கள் வரிசை வரிசையாக நடந்துகொண்டே பூக்களைத் தொட்டுத் தொட்டுப் போவதைப் பார்க்கலாம். பறிப்பதில்லை. ஒரு பூவின் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து, அடுத்த செடிப் பூவின் சூல்முடியில் லேசாகத் தடவிவிட்டு நகர்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள், பதினோரு மணிக்குள், வேலை முடிந்தாக வேண்டும்.

பூச்சி செய்யவேண்டிய வேலையை மனிதர் ஏன் செய்கிறார்கள் என்பதற்குப் பூவைக் கிட்டத்தில் பார்த்தால் விடை கிடைக்கும். ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி, தீக்கொழுந்து போல மேல்நோக்கி நிற்கும். ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்திருக்கும். நடுவிலுள்ள சூல்தண்டு மட்டும் அடியிலேயே முழங்கை மடக்கியது போலப் பக்கவாட்டில் திரும்பி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். தன் பூவின் மகரந்தம் தன்மேலேயே விழாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. அடுத்த செடியின் மகரந்தம் வேண்டும் என்று கேட்கிற பூ. ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டு அத்தனை பூவுக்கும் பட்டாம்பூச்சி வரும் என்று காத்திருக்க முடியுமா? அதனால்தான் ஆள்விட்டுத் தொடுகிறார்கள்.

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு எல்லாம் இதுதான். தாவரவியலில் குளோரியோசா சூப்பர்பா. தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலர். சங்கப் பாட்டில் பெண்ணின் விரலுக்கு உவமையாக வந்த பூ, இன்று தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பக்கங்களில் பணப்பயிர். விதைக்காகத்தான் பயிர் செய்கிறார்கள். விதையில் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கீல்வாதத்தில் கால் கட்டைவிரல் மூட்டு வீங்கித் தவிப்பவருக்குக் கொடுக்கும் மருந்து அது. செடியின் எல்லாப் பாகமும் கடும் விஷம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிழங்கை ஏதோ வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் இங்கேயும் உண்டு, இலங்கையிலும் உண்டு. வீட்டு வைத்தியமாகத் தொடவேண்டிய சரக்கு இல்லை இது.

அந்தத் தோட்டத்துக்காரரிடம் ஒருமுறை கேட்டேன்: "இது என்ன ரகங்க?" அவர் சிரித்துக்கொண்டே, "கண்வலின்னா கண்வலிதானுங்க, இதுல என்ன ரகம்?" என்றார். மரபணுப் பன்மை என்ற விஷயம் முழுக்க அந்தப் பதிலுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று இரண்டாகும் கிழங்கு

கண்வலிக்கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏர்க்கலப்பை போல ஒரு வளைவு, இரண்டு கை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை. அந்த முளை உடைந்துவிட்டால் அந்தக் கை அவ்வளவுதான், துளிர்க்காது. மூட்டை ஏற்றி இறக்கும்போது விவசாயிகள் அத்தனை பதறுவது இதற்காகத்தான். ஆடிப் பட்டத்தில் நட்டால் கொடி ஏறி, பூத்து, காய்த்து, தை வாக்கில் காய்ந்து விழும். மண்ணுக்குள் பழைய கிழங்கு சுருங்கிப்போய், அதனிடத்தில் புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். ஒன்று போட்டால் இரண்டு முளை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு முளை ஆண்டுக்கு இரண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது ஆண்டில் 1,024. அத்தனையும் ஒரே செடி. அம்மா, மகள் உறவுகூட இல்லை. அதே ஆள்தான் ஆயிரம் இடத்தில் நிற்கிறார். உயிரியலில் இதைக் குளோன் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆய்வகமும் வெள்ளைக் கோட்டும் நினைவுக்கு வருகிறது, ஆனால் நம் ஊரில் வாழைக்கன்று பிரித்து நடுகிறவர், கரும்புக் கரணை போடுகிறவர், முருங்கைப் போத்து ஊன்றுகிறவர் எல்லாருமே குளோன் செய்கிறவர்கள்தான்.

விதை இத்தனை இருக்கும்போது விதையையே ஏன் விதைக்கக்கூடாது? பொறுமை போதாது. விதை முளைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகும். முளைத்ததும் பூக்காது, கிழங்கு பருத்து முதல் பூ வர மூன்று, நான்கு ஆண்டு ஆகும். கிழங்கு நட்டால் அதே ஆண்டில் மகசூல். எந்த விவசாயியும் கிழங்கைத்தான் எடுப்பார், நானும் அப்படித்தான் செய்வேன்.

ஆனால் இதற்குள் ஒரு வினோதம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் பெண்கள் தொட்டுத் தொட்டுப் போனார்களே, அந்தத் தொடுதலில் இரண்டு பெற்றோர் கலந்து புதுச் சேர்க்கைகள் உருவாகின்றன. ஒவ்வொரு விதையும் இதற்கு முன் உலகத்தில் இல்லாத ஒரு சேர்க்கை. சீட்டுக்கட்டை நன்றாகக் கலைத்துப் போடுவது போலத்தான். ஆனால் கலைத்துப் போட்ட சீட்டு அத்தனையும் மூட்டை கட்டி, லாரி ஏறி, மருந்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு மண்ணில் முளைப்பது பழைய கிழங்கு. ஆண்டாண்டாகக் கலப்பு நடக்கிறது. ஆண்டாண்டாக அது ஊரைவிட்டுப் போகிறது. வேலியோரத்தில் யாரும் நடாமல் தானாக ஏறிக்கிடக்கிற காட்டுக் கண்வலியில் மட்டும்தான் காய் வெடித்து, சிவப்பு விதை கீழே விழுந்து, அந்தப் புதுச் சேர்க்கை முளைக்க வாய்ப்பு இருக்கிறது.

சரி, மரபணுப் பன்மை என்றால் என்ன?

மரபணு என்பது டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு. இந்த இடத்தில் இலை இப்படி வரட்டும், இந்த வேதிப்பொருள் இத்தனை சுரக்கட்டும் என்பது மாதிரி. ஓர் இனத்தின் எல்லாச் செடிகளிலும் அதே குறிப்புகள் அதே வரிசையில் இருக்கும். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்காது. பழைய காலத்தில் ஓலைச்சுவடியைப் படி எடுத்தவர்கள் அங்கங்கே ஒரு எழுத்தை மாற்றி எழுதிவிட, அந்தப் படியிலிருந்து எடுத்த படிகளிலெல்லாம் அது தொடருமே, அப்படி. உ.வே.சாமிநாதையர் மாதிரி பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் பாடபேதம் என்று போடுவார்கள். மரபணுவின் பாடபேதத்துக்கு அல்லீல் என்று பெயர். ஒரு செடிக்கு ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு படி இருக்கும்: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று.

ஒரு கூட்டத்தில் எத்தனை பாடபேதம் இருக்கிறது, அவை எப்படிப் பங்கிட்டுக் கிடக்கின்றன என்பதுதான் மரபணுப் பன்மை. செடிகளின் எண்ணிக்கைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஒரே புத்தகத்தை ஆயிரம் படி அச்சடித்து அடுக்கியிருக்கும் கிடங்கும், நாற்பது வெவ்வேறு சுவடி கிடக்கும் ஒரு பழைய பெட்டியும் ஒன்றாகுமா?

கண்ணால் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. மஞ்சள் பூ பூக்கும் கண்வலி ஒன்று உண்டு, அதைப் பார்த்தால் வேறு வகை என்று தெரியும். ஆனால் பூ திறக்கும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, நாள் ஆக ஆக முழுச் சிவப்பாவது மற்ற எல்லாக் கண்வலிக்கும் வழக்கம். அதைப் பார்த்து இரண்டு ரகம் என்று நினைத்தவர்களும் உண்டு. இலை அகலமும் கொடி உயரமும் நிழலுக்கும் உரத்துக்கும் தகுந்தபடி மாறும். அதனால்தான் டி.என்.ஏ.யையே பார்க்க வேண்டியிருக்கிறது.

எப்படிப் பார்ப்பது? டி.என்.ஏ. இழையில் சில இடங்களில் திக்குவாய் போல ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். கா-கா-கா-கா என்று ஒரு செடியில் 12 தடவை, இன்னொன்றில் 15 தடவை. இந்தத் திக்கலால் செடிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அடையாளம் காணத் தோதாக இருக்கும். இலையில் விரல்நுனி அளவு கிள்ளி, ஆய்வகத்தில் அந்த இடத்தை மட்டும் பல படி பெருக்கி, நீளத்தை அளந்தால் எத்தனை தடவை என்று தெரிந்துவிடும். காவல்துறை தடயவியலில் மனிதரை அடையாளம் காண்பதும் இதே வகை முறையில்தான்.

கற்பனை எண்களை வைத்து ஒரு உதாரணம் பார்ப்போம். வேலியோரத்தில் ஐந்து செடிகளில் இலை எடுக்கிறோம். முடிவு: 9/12, 12/12, 11/15, 12/14, 9/15. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண். பக்கத்துத் தோட்டத்தில் ஐந்து செடியில் எடுக்கிறோம். முடிவு: 12/15, 12/15, 12/15, 12/15, 12/15.

வேலிச் செடிகளின் பத்து எண்களையும் சீட்டில் எழுதி ஒரு பானையிலும், தோட்டத்துப் பத்தை இன்னொரு பானையிலும் போடுங்கள். ஒவ்வொரு பானையிலும் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டு, குலுக்கி, இன்னொன்றை எடுங்கள். இரண்டும் வேறுவேறாக இருக்க எத்தனை வாய்ப்பு? வேலிப் பானையில் ஐந்து விதமான எண். கணக்குப் போட்டால் 0.74 வரும். தோட்டப் பானையில் இரண்டே விதம், பாதிக்குப் பாதி, 0.5 வரும். இந்த எண்ணைத்தான் ஆய்வுக் கட்டுரைகளில் எதிர்பார்க்கப்படும் வேறுபாடு என்ற பொருளில் ஒரு பத்தியில் போடுவார்கள். பூஜ்ஜியம் என்றால் எல்லாம் ஒன்று. ஒன்றை நெருங்க நெருங்கப் பன்மை அதிகம்.

ஏமாற்றும் எண்

தோட்டத்துக்கு 0.5 என்றதும், பரவாயில்லையே, பாதியாவது இருக்கிறதே என்று தோன்றும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இன்னொரு அளவு இருக்கிறது: எத்தனை செடிகளுக்குள் இரண்டு வேறு எண்கள் இருக்கின்றன என்று எண்ணுவது. வேலியில் ஐந்தில் நான்கு செடிக்கு, ஒன்று மட்டும் 12/12. ஆக 0.8. தோட்டத்தில் ஐந்துக்கு ஐந்தும் 12/15. ஆக 1.0. இந்த அளவை மட்டும் பார்த்தால் தோட்டம் வேலியை ஜெயித்துவிட்டது!

உண்மையில் தோட்டத்தில் இருப்பது ஒரே ஒரு செடி. அதன் தாயும் தந்தையும் வேறுவேறு படி கொடுத்தார்கள் என்பதால் அதற்குள் 12-ம் 15-ம் இருக்கிறது. அதையே ஆயிரம் தடவை படியெடுத்தால் ஆயிரம் தடவையும் 12/15 வரும். அதனால் கிழங்கில், போத்தில், கன்றில் பெருகும் செடிகளுக்கு முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இங்கே எத்தனை தனித்தனி ஆட்கள் நிற்கிறார்கள்? இருபது இடங்களில் திக்கல் எண்ணைப் பார்த்து, எல்லா இடத்திலும் அச்சாக ஒத்துப்போகிற செடிகளை ஒரே ஆள் என்று கணக்கு வைப்பார்கள். இந்தக் கணக்கு இல்லாமல், தோட்டத்துச் செடியிலும் பன்மை நன்றாகவே இருக்கிறது என்று யாராவது எழுதினால் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு நம்புங்கள்.

நிஜத் தோட்டம் என் உதாரணம் போல அப்படியே ஒற்றைக் குளோனாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. கிழங்கு வியாபாரியிடம் நூற்றுக்கணக்கான கிலோ வாங்கி நடுகிறார்கள். அந்த மூட்டைக்குள் யார் தோட்டத்துக் கிழங்கு, எந்தக் கரட்டில் தோண்டியது என்று பெயர் எழுதியிருக்காது. நாலைந்து ஆள் கலந்திருக்கலாம், நாற்பது கலந்திருக்கலாம். "இதுல என்ன ரகம்" என்று அவர் கேட்டதன் பொருளும் இதுதான். பிரித்து வைக்கவில்லை, அதனால் தெரியாது.

இந்தக் கலப்பு சில சமயம் நாம் நினைப்பதற்கு நேரெதிரான முடிவைக் கொடுக்கும். அமெரிக்க ஜின்செங் அதற்கு நல்ல உதாரணம். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் மர நிழலில் வளரும் மூலிகை, வேருக்காகத் தோண்டுவார்கள். வேரைத் தோண்டினால் செடி போயிற்று. 1975 முதல் அதன் சர்வதேச வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் அதைப் பந்தல் நிழல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். கண்வலி மாதிரி இல்லாமல் ஜின்செங்கை விதை போட்டுத்தான் வளர்க்கிறார்கள். ஆய்வாளர்கள் காட்டுச் செடியையும் தோட்டச் செடியையும் ஒப்பிட்டபோது, ஒரு தோட்டத்துக்குள் இருந்த வேறுபாடு, ஒரு காட்டுத் திட்டுக்குள் இருந்ததைவிட அதிகமாக வந்தது.

காரணத்தை யோசித்தால் புரியும். விதை கைமாறிக் கைமாறிப் பல ஊர்ச் சரக்கு ஒரே பாத்தியில் சேர்ந்துவிட்டது. காட்டிலோ சின்னச் சின்னத் திட்டாக, ஒன்றுக்கொன்று தொலைவில், பெரும்பாலும் தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொண்டு வாழ்கிறது. ஒரு திட்டுக்குள் எல்லாம் நெருங்கிய சொந்தம். ஆனால் இந்த மலைத் திட்டுக்கும் அந்த மலைத் திட்டுக்கும் பெரிய வித்தியாசம். தோட்டங்களை எடுத்தால் அந்தத் தோட்டமும் இந்தத் தோட்டமும் ஒரே மாதிரிக் கலவை.

ஆக, பன்மை அதிகமா குறைவா என்று கேட்பதோடு, அது எங்கே இருக்கிறது என்றும் கேட்கவேண்டும். ஊருக்குள்ளேயா, ஊருக்கும் ஊருக்கும் நடுவிலா? ஊருக்குள்ளேயே பெரும்பகுதி இருந்தால் இரண்டு மூன்று ஊரைக் காப்பாற்றினால் ஓரளவு எல்லாம் கிடைத்துவிடும். ஊருக்கு ஊர் வேறுபட்டால் ஒரு திட்டு அழிந்தாலும் அதோடு வேறெங்கும் இல்லாத ஒன்று போய்விடும். பொதுவாக, கண்வலி மாதிரி அடுத்த செடியின் மகரந்தத்தைத் தேடும் இனங்களில் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே இருக்கும். தனக்குத்தானே சேர்த்துக்கொள்ளும் இனங்களில் ஊருக்கு ஊர் மாறும்.

வேலி போனால் என்ன போகும்?

கொங்குப் பக்கம் மேய்ச்சல் நிலத்தைக் கொரங்காடு என்பார்கள். கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. அந்த முள்கிளுவைக்குள் கோவை, பிரண்டை, சீந்தில், நம் கண்வலி எல்லாம் ஏறிக்கிடக்கும். ஆடும் மாடும் முள்ளுக்குள் வாய் வைக்காது; மனிதரும் கை விடுவதில்லை. கண்வலிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. இலை நுனியே பற்றுச்சுருளாகச் சுருண்டு கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால் கிளுவையே போத்து ஊன்றி வளர்த்தது, அதாவது குளோன். குளோன் வேலிக்குள் பன்மை ஒளிந்திருக்கிறது.

இந்த வேலிகள் இப்போது குறைந்துவருகின்றன. காடு மனையானால் கம்பி வேலி வருகிறது, சாலை அகலமானால் ஓரம் போகிறது. ஒரு வேலியில் நாற்பது செடி இருந்து, நான்கு மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மழை பெய்து அந்த நான்கிலிருந்து மறுபடி நாற்பது வரலாம். எண்ணிக்கை திரும்பிவிட்டது, கணக்கெடுப்பவர் திருப்தியாகப் போய்விடுவார். ஆனால் நாலு செடியில் மொத்தம் எட்டுப் படிதான் உண்டு. அதில் இல்லாத பாடபேதம் ஏதும் திரும்பி வராது. இதைக் கழுத்து நெரிபடுதல் என்று சொல்லலாம். சொம்புக் கழுத்து வழியாக எத்தனை நவதானியம் வெளியே விழுந்ததோ, அவைதான் அடுத்த முறை முளைக்கும்.

கூட்டம் சின்னதாகவே இருந்தால் இன்னொரு கசிவும் உண்டு. யார் விதை முளைத்தது, யார் விதையை மழைநீர் அடித்துப்போயிற்று என்பதெல்லாம் குலுக்கல் மாதிரி. பெரிய கூட்டத்தில் குலுக்கல் சமனாகிவிடும், சின்னக் கூட்டத்தில் ஆகாது. செடிகளின் எண்ணிக்கையை இரட்டித்தால் வருகிற எண்ணில் ஒரு பங்கு பன்மை தலைமுறைக்குக் கசியும் என்பது கணக்கு. பத்துச் செடி மட்டும் இனம்பெருக்கும் கூட்டம் என்றால் இருபதில் ஒரு பங்கு, அதாவது தலைமுறைக்கு 5 சதவீதம். நூறு செடி என்றால் அரை சதவீதம்.

இதில் கண்வலிக்கு ஒரு சின்ன ஆறுதல்: கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் ஒவ்வொரு ஆளும் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும், தலைமுறை மெதுவாகத்தான் நகரும். ஆறுதலுக்கு எதிரியும் அதே கிழங்குதான். நடுவதற்குக் கிழங்கு விலை ஏறுகிறபோது கரட்டிலும் வேலியிலும் இருப்பதைத் தோண்டி விற்க ஆள் கிளம்பிவிடும். விதை பொறுக்கினால் செடி நிற்கும், கிழங்கு தோண்டினால் நிற்காது.

இவ்வளவு சொன்னதால் கண்வலி அழியப்போகிற இனம் என்று நினைக்கவேண்டாம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் தோட்டத்திலிருந்து தப்பிப்போய்க் களையாகி, அதை ஒழிக்க ஆள் வைத்திருக்கிறார்கள்! இனம் பிழைத்திருப்பதும், ஓர் ஊரின் பாடபேதங்கள் பிழைத்திருப்பதும் வேறு வேறு சங்கதி.

பன்மை இருந்து என்ன பயன்?

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. விருப்பாட்சி மலை வாழை, சிறுமலை வாழை என்று இரண்டுக்கும் தனிப் பெயர், புவிசார் குறியீடுகூட உண்டு. 1970களில் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் வந்து அந்த மலைத் தோட்டங்களை வாரிக்கொண்டு போயிற்று. வாழை, கன்றில் பெருகுவது. வைரஸ் தாய் மரத்துக்குள் இருந்தால் கன்றுக்குள்ளும் இருக்கும். கன்று கைமாறினால் நோயும் கைமாறும். பக்கத்து மரம் எதிர்த்து நிற்குமா என்றால், அதுவும் அதே ஆள்தான். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோதும், ஏழைகள் நிலமெல்லாம் கிழங்கில் பெருகிய ஒரே ரகம் நின்றதுதான் சேதத்தைப் பெருக்கியது. கண்வலிக்கும் இலைக்கருகல் உண்டு, கிழங்கு அழுகல் உண்டு. தொடர்ந்து மழை பிடித்த ஆண்டில் ஒரு கொடி கருகத் தொடங்கினால் தோட்டம் முழுக்க ஒரே வாரத்தில் தீய்ந்த மாதிரி ஆவதை விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். தாங்கி நிற்கிற செடி எங்காவது இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு வேலிக்குள்தான் இருக்கும். அதைத் தேடுவதற்கு முதலில் வேலி இருக்கவேண்டும்.

அடுத்தது மருந்து. கோல்ச்சிசின் அளவு செடிக்குச் செடி மாறும். எந்தச் செடியில் அதிகம் என்று தெரிந்தால் அதைப் பெருக்கலாம், விலை கூடும். ஆனால் வேதாரண்யம் மணலில் வளர்ந்த செடியையும் தாராபுரம் செம்மண்ணில் வளர்ந்ததையும் அளந்து, இது உசத்தி அது மட்டம் என்று சொல்லிவிடக்கூடாது. வித்தியாசம் மரபணுவில் வந்ததா, மண்ணில் வந்ததா? இதைப் பிரிக்கப் பழைய, நேர்மையான வழி ஒன்றுதான். இரண்டு ஊர்க் கிழங்கையும் கொண்டுவந்து ஒரே வயலில், ஒரே தண்ணீரில், இரண்டு மூன்று ஆண்டு வளர்த்துப் பார்ப்பது. அப்போதும் வித்தியாசம் நின்றால் அது செடியின் சொந்தச் சொத்து. இந்த வேலைக்குச் செலவு பெரிதில்லை, பொறுமைதான் வேண்டும்.

கோல்ச்சிசினுக்கும் மரபியலுக்கும் இன்னொரு உறவும் இருக்கிறது. உயிரணு பிரியும்போது டி.என்.ஏ. பொதிந்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நூல்களை இந்த விஷம் கட்டவிடாமல் செய்யும். நூல் இல்லையென்றால் இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே உயிரணுவில் தங்கிவிடும். 1937 முதல் பயிர் வளர்ப்பாளர்கள் இதைக் கருவியாகவே எடுத்துக்கொண்டார்கள். விதையில்லாத் தர்பூசணிக்குத் தாய்ச் செடி உருவாக்கியது இப்படித்தான். ஊர் உலகத்துப் பயிருக்கெல்லாம் புது வகை உண்டாக்கிக் கொடுத்த பொருள், தன் தாய்வீட்டில் வகைபிரிக்காத மூட்டையாகக் கிடக்கிறது.

எத்தனை செடி எடுக்கவேண்டும்?

பாதுகாப்பது என்றால் இரண்டு வழி. இருந்த இடத்திலேயே விடுவது ஒன்று. 1993-லிருந்து தமிழ்நாடு, கேரளம், கர்நாடகக் காடுகளில் மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகள் என்று சில இடங்களைக் குறித்து வைத்தார்கள். அங்கே செடி, பூச்சி, மண் எல்லாம் சேர்ந்தே இருக்கும். இன்னொன்று, எடுத்துவந்து மூலிகைத் தோட்டத்திலோ குளிரறையிலோ வைப்பது. பள்ளி, கல்லூரி மூலிகைத் தோட்டங்களில் பெயர்ப்பலகையோடு ஒரு செடி நிற்பதைப் பார்க்கிறோமே, அது அறிமுகத்துக்கு நல்லது. பாதுகாப்பு என்ற கணக்கில் அது இரண்டே இரண்டு படி.

சரி, எத்தனை எடுத்தால் போதும்? ஒரு பாடபேதம் அந்தக் கூட்டத்தில் 5 சதவீதப் படிகளில் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் செடியில், அதாவது இருபது படியில், அது ஒன்றில்கூட இல்லாமல் போகும் வாய்ப்பு 0.95-ஐ இருபது தடவை பெருக்கினால் வரும்: சுமார் 36 சதவீதம். மூன்றில் ஒரு தடவைக்கு மேல் கோட்டைவிடுவோம். ஐம்பது செடி எடுத்தால் நூறு படி; தவறவிடும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரே வேலியில் அடுத்தடுத்த ஐம்பதாக எடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். பக்கத்துச் செடி அதே கிழங்கின் இன்னொரு கையாக இருக்கலாம். நாலு எட்டுத் தள்ளித் தள்ளி எடுக்கவேண்டும். கிழங்கைத் தொடாமல், செடிக்கு ஒன்றிரண்டு காயோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

பயிர் செய்கிறவரும் சின்னதாக ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மகரந்தம் தொடும்போது பக்கத்து வரிசைப் பூவிலிருந்தே எடுக்காமல், வேலியோரக் காட்டுக் கொடியிலிருந்து ஒரு கைப்பிடிப் பூ கொண்டுவந்து ஒரு வரிசைக்குத் தொடலாம். அந்த வரிசை விதையில் ஒரு படி அளவு மட்டும் விற்காமல் வைத்து, கிணற்றோரம் ஒரு பாத்தியில் தூவிவிட்டால் நான்காம் ஆண்டு தெரிந்துவிடும். பலதும் சாதாரணமாகத்தான் இருக்கும். கருகல் அடிக்கிற ஆண்டில் எது பச்சையாக நிற்கிறது என்று பார்த்து, அதன் கிழங்கை மட்டும் தனியே எடுத்துக் குறி வைக்கலாம். இதைத் தோட்டத்துக்காரரிடம் சொன்னபோது, "நாலு வருசங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நியாயத்தை மறுக்க முடியவில்லை. அன்றைக்குக் கிளுவை வேலியில் வெடித்திருந்த காய் ஒன்றை அவர்தான் பறித்துக் கொடுத்தார். வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாத மாடியில், ஒரு தொட்டியில் போட்டேன். பதினேழு விதை. ஐந்து மாதம் கழித்து ஆறு முளைத்தன. இப்போதைக்குப் புல் மாதிரி இருக்கின்றன. எட்டிப் பிடிக்கிற சுருள் இன்னும் எந்த இலைக்கும் வரவில்லை.